உங்க வண்டில ஜிபிஎஸ் ட்ராக்கரை வெளிய தெரியாம மாட்டுறது எப்படி

நான் முதல் ட்ராக்கரை மாட்டுனது என் பைக்குல. சீட்டுக்கு அடியில நேரா பேட்டரி டெர்மினல்லயே ஒயரை முறுக்கி விட்டுட்டேன், அன்னிக்கு மேப்ல புள்ளி அழகா ஓடுச்சு, சந்தோஷமா ஊருக்குப் போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்து செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு ஒரு சத்தம் மட்டும் வருது. வண்டிய எவனும் திருடல, என் ட்ராக்கரே பேட்டரிய குடிச்சு முடிச்சிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு கார், இன்னொரு பைக்னு மாட்டி கழட்டி மாட்டி கத்துக்கிட்டத இங்க கொட்டுறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு, இது முழுக்க உங்க சொந்த வண்டிய திருட்டுல இருந்து காப்பாத்தறதுக்குத்தான். புருஷன், பொண்டாட்டி, காதலி, பக்கத்து வீட்டுக்காரன் எங்க போறாங்கன்னு பாக்க அவங்க வண்டில சொருகறதுக்கு இல்ல, அது நிறைய நாட்டுல நேரா கிரிமினல் கேஸ். உங்க வண்டியவே வீட்ல வேற ஆள் ஓட்டுறாங்க, இல்ல டிரைவர் வச்சிருக்கீங்கன்னா அவங்ககிட்ட ட்ராக்கர் இருக்குன்னு சொல்லிடுங்க. எந்த இடத்துல இருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல, இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சா எங்க ஒளிக்கறதுன்னு தானா புரிஞ்சிடும். டப்பாக்குள்ள ரெண்டு ரேடியோ இருக்கு. ஒன்னு ஜிபிஎஸ், அது கேக்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. கிட்டத்தட்ட 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற சாட்டிலைட்ல குறைஞ்சது நாலு தெரிஞ்சாத்தான் சரியான இடம் கணக்குப் போடும், கீழ வர்ற சிக்னல் ரொம்ப ரொம்ப வீக், ஒரு தகரம் மேல இருந்தாலே காலி. இன்னொன்னு செல்போன்ல இருக்கற மாதிரி சிம் போட்ட மோடம், அதுதான் அந்த இடத்த சர்வருக்கு, அதாவது உங்க ஆப்புக்கு தகவல் குடுக்கற கம்ப்யூட்டருக்கு, அனுப்பும். ரெண்டுல எது செத்தாலும் உங்க மேப்ல பழைய புள்ளி அப்படியே நிக்கும், நீங்க வண்டி பத்திரமா இருக்குன்னு நினைச்சிட்டு இருப்பீங்க.

வாங்கும்போது 2ஜி மட்டும் உள்ளத எடுக்காதீங்க. விலை கம்மியா கெடைக்கும்தான், ஆனா ஆஸ்திரேலியாவுல டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பர்லயும் அமெரிக்காவுல ஏடி அண்ட் டி 2017 ஜனவரிலயும் 2ஜிய மூடுனப்போ அதுல ஓடிட்டு இருந்த சாதனமெல்லாம் ஊமையாயிடுச்சு, மத்த நாடுகளும் ஒன்னொன்னா அதே வழிலதான் போகுது. 4ஜி உள்ளதா, உங்க ஊர் நெட்வொர்க் ஓடற பேண்டை (அலைவரிசைய) சப்போர்ட் பண்றதான்னு பாத்து எடுங்க.

கார்ல மெக்கானிக் கோளாறு பாக்க மெஷின் சொருகற ஓபிடி சாக்கெட்ல அப்படியே சொருகற டைப் இருக்கு, ரெண்டு செகண்ட் வேலை, அந்த சாக்கெட்ல 16ஆவது பின்ல எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கறதால ஒயரிங்கே வேணாம். ஆனா திருடன் கை முதல்ல போற எடமும் அதுதான், ஸ்டியரிங்க்கு கீழ குனிஞ்சு புடுங்கி வெளிய எறிஞ்சிட்டுப் போயிட்டே இருப்பான். காந்தம் வச்ச பேட்டரி டைப்பை வண்டிக்கு அடியில ஒட்டலாம், ஆனா மேல முழுக்க தகரம், ரோட்டுல பட்டு எகிறி வர்ற சிக்னல வச்சுத்தான் இடம் கண்டுபிடிக்கும், புள்ளி அங்கயும் இங்கயும் குதிக்கும், அது போக அடிக்கடி சார்ஜ் போடணும். ஆப்பிளோட ஏர்டேக் மாதிரி ப்ளூடூத் டேக் ஜிபிஎஸ்ஸே கிடையாது, பக்கத்துல போற போன்கள நம்பி இருக்கற சமாச்சாரம், அதோட தெரியாத டேக் ஒன்னு கூடவே வந்தா போன் எச்சரிக்கற வசதிய ஆப்பிளும் கூகுளும் சேந்து 2024 மே மாசம் ரெண்டு பக்க போனுக்கும் கொண்டு வந்துட்டாங்க. அது தேவையான நல்ல விஷயம், ஆனா திருடன் போனுக்கும் அதே எச்சரிக்கை போகும்ல. அதனால என் ஓட்டு ஒயர் கனெக்‌ஷன் குடுத்து, உள்ள சின்ன பேக்கப் பேட்டரியும் இருக்கற டைப்புக்குத்தான்.

வண்டில மாட்டறதுக்கு முன்னாடி மேஜை மேல வச்சு முழுசா செட்டப் பண்ணிடுங்க, இத தாண்டிக் குதிச்சவங்கதான் டேஷ்போர்டை ரெண்டு தடவ கழட்டுவாங்க. சிம்ம முதல்ல உங்க போன்ல போட்டு சிம்மோட பின் நம்பர் லாக்கை எடுத்துருங்க, டேட்டா ஓடுதா, எஸ்எம்எஸ் போகுதா வருதான்னு பாருங்க. டப்பா மேல இருக்கற 15 இலக்க ஐஎம்இஐ நம்பரை (சாதனத்தோட அடையாள நம்பர்) போட்டோ எடுத்து வச்சுக்குங்க, மாட்டுன அப்புறம் அத யாரும் படிக்க முடியாது. சிம்ம உள்ள போட்டு, 12 வோல்ட் குடுத்து, ஜன்னல் ஓரமா வச்சா லைட் சிமிட்ட ஆரம்பிக்கும். முதல் தடவ சாட்டிலைட் பிடிக்க கொஞ்சம் நேரம் எடுக்கும், ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட பாதை விவரத்த 30 செகண்டுக்கு ஒரு தடவதான் முழுசா அனுப்புது, நடுவுல சிக்னல் விட்டுப் போனா மறுபடி காத்திருக்கணும். பத்து நிமிஷம் விட்டுடுங்க, நோண்டிட்டே இருக்காதீங்க.

அப்புறம் எஸ்எம்எஸ்ல கட்டளை. கம்பெனிக்கு கம்பெனி மாறும், மேனுவல்ல இருக்கும். ஜிடி06ங்கற வகை சாதனத்துல ஏபிஎன்னு டைப் பண்ணி கமா போட்டு உங்க சிம் கம்பெனி ஏபிஎன் பேரு, அதாவது டேட்டா ஓடறதுக்கு அவங்க குடுக்கற பேரு, கடைசில ஹேஷ் குறி. அந்த ஹேஷ விட்டீங்கன்னா பதிலே வராது, நான் அரை மணி நேரம் சிம்ம திட்டிட்டு இருந்தேன். ஸ்டேட்டஸ் ஹேஷ்னு அனுப்புனா பேட்டரி, சிக்னல், ஜிபிஎஸ் நிலைமையெல்லாம் திருப்பி அனுப்பும். நேரம் பல மணி நேரம் முன்ன பின்ன காட்டுனா பயப்படாதீங்க, நிறைய சாதனம் உலகப் பொது நேரத்துல ஓடும், டைம்ஸோன் ஒரு கட்டளைல மாத்திக்கலாம்.

எந்த சர்வருக்கு அனுப்பறதுங்கறது தனி கதை. கூட வர்ற ஆப் ஈசி, ஆனா பாஸ்வேர்டை முதல் வேலையா மாத்துங்க. 2019ல ஆன்டிவைரஸ் கம்பெனி அவாஸ்ட்டோட ஆராய்ச்சியாளருங்க 123456ங்கற ஒரே பாஸ்வேர்டோட திறந்து கெடந்த ட்ராக்கர் சுமார் 6 லட்சம்னு கண்டுபிடிச்சு சொன்னாங்க, அதாவது வண்டி எங்க நிக்குதுன்னு நீங்க பாக்கற மாதிரியே வேற எவனும் பாக்கலாம். எஸ்எம்எஸ் கட்டளைக்கும் தனி பாஸ்வேர்டு இருக்கும், அதையும் மாத்தி, உங்க நம்பர்ல இருந்து வந்தா மட்டும் கேக்கற மாதிரி வைங்க. கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்கன்னா ட்ராக்கார்னு ஓப்பன் சோர்ஸ் சர்வர் இருக்கு, சொந்தமா ஓட்டலாம், ஜிடி06 பாஷை பேசறதுக்கு 5023 போர்ட், டெல்டோனிகா கம்பெனி சாதனத்துக்கு 5027, சாதனத்துல உங்க சர்வர் அட்ரஸையும் இந்த போர்ட்டையும் குடுத்தா வேலை முடிஞ்சுது. உள்ள மைக் இருந்து ஆள் பேசறத கேக்கற வசதி இருந்தா அத ஆஃப் பண்ணி வைங்க, திருட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப ஒயரிங். பொதுவா சிவப்பு பாசிட்டிவ், கருப்பு எர்த், ஆரஞ்சு இக்னிஷன், மஞ்சள் ரிலேவுக்கு (எஞ்சினை நிறுத்தற சுவிட்ச், அத கீழ சொல்றேன்), ஆனா கலரை நம்பி கனெக்ட் பண்ணாதீங்க, மேனுவல பாருங்க, வண்டி பக்கம் மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. சாவிய எடுத்த அப்புறமும் 12 வோல்ட் காட்டற ஒயர்தான் பாசிட்டிவுக்கு, சாவி போட்டா மட்டும் உயிர் வர்ற ஒயர்தான் இக்னிஷனுக்கு. இந்த இக்னிஷன் ஒயரை வேணாம்னு விட்டுடறவங்க நிறைய பேரு, நானும் பைக்குல அதத்தான் பண்ணேன். பல சாதனம் வண்டி நின்னுடுச்சுன்னு தெரிஞ்சு தூங்கப் போறதே அந்த ஒயர வச்சுத்தான். கணக்கு பாருங்க, முழிச்சிருக்கற சாதனம் சராசரியா 40 மில்லிஆம்ப் இழுக்குதுன்னா ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 1 ஆம்ப்அவர், 5 ஆம்ப்அவர் பைக் பேட்டரி மூணாவது நாள் பாதிக்கு வந்துடும், 45 ஆம்ப்அவர் கார் பேட்டரி மூணு வாரம் இழுத்துப் பிடிக்கும். தூங்கற நிலைமைல 5 மில்லிஆம்ப்னா ஒரு நாளைக்கு வெறும் 0.12 தான், அதே பைக் ரெண்டு வாரம் நின்னாலும் ஸ்டார்ட் ஆகும்.

பாசிட்டிவ் ஒயர்ல பேட்டரி பக்கத்துலயே 1 இல்ல 2 ஆம்ப் ஃபியூஸ் கண்டிப்பா போடுங்க. கார்ல ஃபியூஸ் பாக்ஸ்லயே சொருகற ஃபியூஸ் டேப் கிடைக்கும், ஒயரை வெட்ட வேணாம். எர்த்தை பெயிண்ட் மேல வைக்காம சுரண்டுன போல்ட்ல வைங்க. கார் பக்கத்து ஒயரிங்ல மஞ்சள் உறை போட்ட ஒயரோ கனெக்டரோ கண்ணுல பட்டா அது ஏர்பேக், கையே வைக்காதீங்க, மீட்டர் கூட வச்சுப் பாக்காதீங்க. இதெல்லாம் பழக்கம் இல்லன்னா ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிட்ட குடுத்துட்டு கூடவே நில்லுங்க.

எங்க ஒளிக்கறது? பிளாஸ்டிக், துணி, கண்ணாடி வழியா சிக்னல் வரும், தகரம் வழியா வராது, இதுதான் மொத்த ரூலும். டேஷ்போர்டு உள்ள மேல்பக்கம், மீட்டர் கன்சோலுக்குப் பின்னாடி, பின் கண்ணாடிக்கு கீழ இருக்கற ஷெல்ஃப் அடியில, பைக்னா டேங்க் பேனல் இல்ல டெயில் கவுலுக்குள்ள. ஆன்டெனா இருக்கற பக்கம் வானத்த பாக்கணும், டப்பா மேல எழுதி இருக்கும். வெயில் நேரா அடிக்கற எடம் வேணாம், உள்ள லித்தியம் பேட்டரி இருக்கு, பூட்டி நிக்கற கார் டேஷ்போர்டு மேல்தோல் கொதிச்சுக் கெடக்கும், ஒரு சாண் கீழ தள்ளி வச்சா சூடு நல்லா குறையும். ஹீட்டர் குழாய், ஸ்டியரிங் தண்டு, வைப்பர் மோட்டார் பக்கமும் வேணாம். கம்பெனி ஒயருக்கு சுத்தி இருக்கற அதே மாதிரி துணி டேப்ப டப்பா மேலயும் ஒயர் மேலயும் சுத்தி, ஏற்கனவே போற ஒயர் கட்டோட சேத்து ஜிப் டை போட்டு இறுக்கிடுங்க, ஏதோ கம்பெனி ரிலே பெட்டி மாதிரியே உக்காந்துடும். லைட் மேல கருப்பு டேப் ஒரு துண்டு. என் கார்ல இத மறந்துட்டேன், ராத்திரி ஏசி வென்ட் சந்துல பச்சை வெளிச்சம் மினுக் மினுக்குனு அடிச்சு ஒளிச்சு வச்சதையெல்லாம் காட்டிக் குடுத்துச்சு.

பேனல மூடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. பாலத்துக்கு அடியில, பேஸ்மென்ட் பார்க்கிங்ல விட்டுட்டு வெளிய வந்தா எவ்ளோ நேரத்துல மறுபடி புள்ளி வருதுன்னு பாருங்க. ஓடும்போது 10 செகண்டுக்கு ஒன்னு, நிக்கும்போது மணிக்கு ஒன்னுன்னு வச்சா டேட்டா மாசத்துக்கு சில எம்பிதான் ஆகும்.

அலர்ட்ல ஆசைப்படாதீங்க, நான் எல்லாத்தையும் ஆன் பண்ணி வச்சேன். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி நகருதுன்னு போன் அலறுது, பனியனோட வெளிய ஓடுனா வண்டி நின்ன எடத்துல நிக்குது. சுத்தி உயரமான கட்டடம்னா சிக்னல் சுவத்துல பட்டு வந்து புள்ளி முப்பது நாப்பது மீட்டர் தானா உலாவும். ஜியோஃபென்ஸ் வட்டத்த, அதாவது வண்டி தாண்டுனா அலர்ட் வர்ற எல்லைய, 200 மீட்டருக்கு குறையாம வைங்க, ஒயர் அறுந்தா வர்ற அலர்ட்டும் இக்னிஷன் ஆன் அலர்ட்டும் மட்டும் சத்தத்தோட வரட்டும், மத்ததெல்லாம் சும்மா இருக்கட்டும், இல்லன்னா பத்தாவது நாள் நீங்களே எல்லாத்தையும் மியூட் பண்ணிடுவீங்க.

தூரத்துல இருந்து எஞ்சினை நிறுத்தற ரிலே பத்தி கேப்பீங்க. எனக்கு பிடிக்கல. ஓடற வண்டிய நடு ரோட்டுல நிறுத்துனா பவர் ஸ்டியரிங், பிரேக் பூஸ்டர் எல்லாம் போயி பின்னாடி வர்றவன் மோதி உயிரே போகலாம், அந்த ரிலே கெட்டுப் போனா நீங்களே நடுவழில நிப்பீங்க. போட்டே ஆகணும்னா ஸ்டார்ட்டர் சர்க்யூட்ல போடுங்க, ஒரு தடவ நிறுத்துன வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அவ்ளோதான்.

நிஜமாவே வண்டி போயிடுச்சுன்னா லைவ் லிங்க்க போலீஸ்கிட்ட குடுங்க, வண்டி நம்பர், சேஸி நம்பரோட. நீங்களா புள்ளிய துரத்திட்டுப் போகாதீங்க. திருடுன வண்டிய எங்கயாவது ஓரமா ரெண்டு நாள் நிறுத்தி வச்சு எவனாவது தேடி வர்றானான்னு பாக்கறது அவனுங்க பழக்கம், அந்த ரெண்டு நாள்தான் உங்களுக்கு கெடைக்கற நேரம். சிக்னல அடைக்கற ஜாமர் போட்டா புள்ளி நின்னுடும், கடைசியா எங்க நின்னுச்சோ அதையாவது சொல்லுங்க.

மாசம் ஒரு தடவ ஸ்டேட்டஸ் கேட்டு பதில் வருதான்னு பாருங்க. வேற ஒன்னும் வேணாம். எனக்குத் தெரிஞ்சு இந்த ட்ராக்கர் கைவிட்ட கதைல பாதி சிம் ரீசார்ஜ் முடிஞ்சு போன கதைதான், யாரும் பேசாத நம்பர் பாருங்க, ஞாபகமே இருக்காது, போன்ல ரிமைண்டர் போட்டுடுங்க.

அப்புறம் வண்டிய விக்கும்போது கழட்ட மறந்துடாதீங்க. பழைய காரை குடுத்து ரெண்டு வாரம் கழிச்சு ஏதோ தேடப் போயி ஆப்ப தொறந்தா, அந்தக் காரு ஒரு ஸ்கூல் வாசல்ல நிக்குது, காலைல எட்டரைக்கு, தினமும். வாங்குனவருக்கு போன் பண்ணி விஷயத்த சொல்லி, மன்னிப்பு கேட்டு, அடுத்த நாளே போயி டேஷ்போர்டை தொறந்து எடுத்துட்டு வந்தேன். அவர் டப்பாவ கைல வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது எங்க இருந்துச்சுன்னு கேட்டாரு, இப்ப அவர் காருலயும் அதே எடத்துல ஒன்னு இருக்கு.