மார்ஷ்மெல்லோ ஃபாண்டண்ட்: சூடாக இருக்கும்போதே முடிவெடுக்காதீர்கள்

கேக் மேல் போர்த்தவும் பொம்மை செய்யவும் பயன்படும், மாவுபோலப் பிசைந்த சர்க்கரைக் கலவைதான் ஃபாண்டண்ட். அதை மார்ஷ்மெல்லோவிலிருந்து செய்யத் தேவையான பொருட்கள் மிகக் குறைவு. மார்ஷ்மெல்லோ, ஐசிங் சுகர், கொஞ்சம் தண்ணீர், கையிலும் பாத்திரத்திலும் தடவிக்கொள்ள ஷார்ட்டனிங் எனப்படும் வெள்ளைக் கொழுப்பு. அவ்வளவுதான். ஆனாலும் கேக் மேல் போர்த்தும் நேரத்தில் ஓரம் கிழிகிறது, மேல்பரப்பு வரிவரியாக வெடிக்கிறது, அல்லது பொம்மை செய்ய எடுத்த உருண்டை கல்லாகி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருப்பதுபோலத் தெரியும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கலவை சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்போதே அதைப் பார்த்துப் பயந்து, கையில் ஒட்டாமல் வரும்வரை சர்க்கரையைக் கொட்டிவிடுகிறோம்.

அது ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் மற்ற விஷயங்கள் தானாகப் பிடிபடும். மார்ஷ்மெல்லோவில் இருப்பது சர்க்கரை, சர்க்கரைப் பாகு, ஜெலட்டின், நிறைய காற்று. ஜெலட்டின் நம் உடல் சூட்டிலேயே இளகிவிடக்கூடியது. மார்ஷ்மெல்லோவை உருக்கியவுடன் அது முழுக்கத் தளர்ந்து கிடக்கும். அதனால்தான் கை, கரண்டி, பாத்திரம் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. ஆறும்போது ஜெலட்டின் மெல்ல மெல்ல இறுகுகிறது. ஐசிங் சுகரும் சில மணி நேரத்துக்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆக, இன்று இரவு ‘ஆஹா, சரியாக வந்துவிட்டது’ என்று தோன்றும் உருண்டை நாளைக் காலையில் இறுகிவிடும். இன்று இரவு ‘இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே’ என்று தோன்றுவதுதான் நாளைக்குச் சரியாக இருக்கும்.

பழக்கத்தில் உள்ள அளவு இது: 450 கிராம் மார்ஷ்மெல்லோவுக்கு 2 முதல் 3 மேசைக்கரண்டி தண்ணீர், சுமார் 900 கிராம் ஐசிங் சுகர். இந்த 900 என்பதைக் கட்டாயம் சேர்த்தே தீர வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் மேல் வரம்பு என்று நினைத்துக்கொண்டு 200 கிராமை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அதுவும் தேவைப்படலாம். வறண்ட நாளில் பாதிகூடத் தேவைப்படாது. மார்ஷ்மெல்லோவும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஈரத்தில் மாறுபடும். எனவே குறிப்பில் உள்ள எண்ணைவிட உங்கள் கைக்குத் தெரிவதை நம்புங்கள்.

கையால் சோதிக்க ஒரு வழி உண்டு. பிசைந்த கலவையிலிருந்து எலுமிச்சை அளவு கிள்ளி, கொழுப்பு தடவிய தட்டில் பத்து நிமிடம் ஆற விடுங்கள். அப்புறம் இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சற்று நீண்டு, மெலிந்து, பிறகு அறுந்தால் சரி. இழுத்தவுடன் நறுக்கென்று பிய்ந்தால் சர்க்கரை அதிகம். உலர்ந்த விரலால் தொட்டால் விரலோடு கம்பியாக எழுந்து வந்தால் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்க்கலாம். மீதமுள்ள கலவை இந்தப் பத்து நிமிடமும் மூடியே இருக்கட்டும்.

உருக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள்

மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் ஒரே மூச்சாக வைப்பது மிகப் பெரிய தவறு. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிவதால் மார்ஷ்மெல்லோ பல மடங்கு பொங்கி எழும். சின்னக் கிண்ணம் என்றால் வழிந்துவிடும். அது மட்டும் அல்ல, அதிகச் சூட்டில் ஈரம் ஆவியாகிப் போகும், ஜெலட்டினும் வலுவிழக்கும். ஓரங்கள் லேசாக மஞ்சளாகத் தொடங்கிவிட்டால் அந்தக் கலவை பிற்பாடு இழுபடாது, பொரபொரவென்றுதான் வரும். பெரிய கிண்ணமாக எடுத்து உள்ளே கொழுப்பு தடவி, 30 விநாடிக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறுங்கள். சில துண்டுகள் இன்னும் முழுதாகத் தெரியும்போதே நிறுத்திவிடலாம். கிளறும்போது மிச்சச் சூட்டிலேயே அவை கரைந்துவிடும். மைக்ரோவேவ் இல்லை என்றால் கொதிநீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து உருக்கலாம். நேரடித் தீயில் மட்டும் வேண்டாம், அடி பிடித்துவிடும்.

உருகிய மார்ஷ்மெல்லோ என்பது சூடான சர்க்கரைப் பாகுதான். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும், உதறினாலும் போகாது. முதல் பாதிச் சர்க்கரை சேரும்வரை கரண்டியால் கிளறிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே பிசையத் தொடங்குங்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இந்தக் கட்டம் முடியும்வரை தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மார்ஷ்மெல்லோவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பாக்கெட் பிரித்து நாளாகி, வெளியே தோல் கட்டியது சரியாக உருகாது. கட்டி கட்டியாக நின்றுவிடும். வெள்ளை நிறமே எடுங்கள். சைவ மார்ஷ்மெல்லோ வாங்குகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் அதற்குப் பதிலாக கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர், கராஜீனன் போன்றவை சேர்ப்பார்கள். அவை ஜெலட்டின்போல உருகுவதும் இல்லை, இழுபடுவதும் இல்லை. முதலில் ஒரு கைப்பிடி அளவு உருக்கிப் பார்த்துவிட்டு மீதியில் கை வையுங்கள்.

சர்க்கரை, கொழுப்பு, கலர்

சாதாரண சர்க்கரையை மிக்ஸியில் பொடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பொடித்தது நைசாகத்தான் தெரியும். ஆனால் 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்க்கும்போது ஒவ்வொரு குருணையும் மேலே புள்ளியாகத் தெரியும், அந்தப் புள்ளியிலிருந்தே விரிசலும் தொடங்கும். கடையில் வாங்கும் ஐசிங் சுகர் அதைவிட நைசானது. கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோளமாவும் அதில் சேர்ந்திருக்கும். அதையும் சலித்துத்தான் போட வேண்டும். சலிக்காமல் போட்ட கட்டி, எவ்வளவு பிசைந்தாலும் கரையாது.

வெள்ளைக் கொழுப்பு கிடைக்கவில்லை என்று வெண்ணெய் போடுவது அடுத்தது. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. அதோடு நிறமும் மஞ்சளாகும், உருண்டையும் தளரும். கொழுப்பே தடவாமல் சர்க்கரையை மட்டுமே தூவிப் பிசைந்தால் நாம் முதலில் பேசிய சிக்கலுக்கே திரும்புவோம். கை ஒட்டும்போதெல்லாம் சர்க்கரை டப்பாவைத் தேடாமல், ஒரு விரல் கொழுப்பைக் கையில் தடவிக்கொள்ளுங்கள். பாதி ஒட்டல் அதிலேயே போய்விடும்.

கலரில் தண்ணீரான கலர் வேண்டாம், ஜெல் கலர்தான். மொத்த உருண்டையும் ஒரே நிறம் என்றால் மார்ஷ்மெல்லோ உருகியவுடன், சர்க்கரை போடும் முன்பே கலரைக் கலந்துவிடலாம். திட்டுத் திட்டாக வராது, பிசையும் வேலையும் பாதி மிச்சம். சிவப்பும் கறுப்பும்தான் தொல்லை. நினைத்த நிறம் வரவில்லையே என்று மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனால் உருண்டை கொழகொழத்து, கசப்பும் தட்டும். ஓரளவு அடர்த்தியாக வந்ததும் நிறுத்தி, மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் நிறம் தானாகவே ஒரு படி கூடியிருக்கும். கறுப்பு வேண்டும் என்றால் கோகோ தூள் சேர்த்துப் பழுப்பாக்கிக்கொண்டு அதன் மேல் கறுப்புக் கலர் போடுங்கள், மிகக் குறைவாகவே செலவாகும்.

ஓய்வு, அப்புறம் தேய்ப்பது

காலையில் செய்து மதியமே கேக் மேல் போர்த்த நினைக்காதீர்கள். ஒரு இரவாவது விட வேண்டும். உருண்டையின் மேல் மெல்லிதாகக் கொழுப்பு தடவி, கிளிங் ராப் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டிச் சுற்றி, காற்றுப் புகாத கவரில் போட்டு, அறை வெப்பத்திலேயே வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். மறுநாள் எடுக்கும்போது கட்டியாகத்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. மைக்ரோவேவில் 5 முதல் 10 விநாடி வைத்துப் பிசைந்தால் இளகிவிடும். உண்மையாகவே காய்ந்து போயிருந்தால் கொஞ்சம் கொழுப்பு, அதுவும் போதவில்லை என்றால் கால் தேக்கரண்டி கிளிசரின். தண்ணீரைச் சொட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

தேய்க்கும் முன் அளவைக் கணக்குப் போடுங்கள். கேக்கின் விட்டத்தோடு உயரத்தை இருமுறை கூட்டி, மேலே ஒரு 5 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள கேக்குக்கு 45 சென்டிமீட்டர் வட்டம் வேண்டும். போதாத வட்டத்தை இழுத்து ஒட்ட முயலும்போதுதான் மேல் விளிம்பு கிழிகிறது. 3 மில்லிமீட்டருக்கு மெலிதாகவும் போக வேண்டாம். கீழே இருக்கும் கிரீமின் மேடு பள்ளம் எல்லாம் அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

தேய்த்த வட்டத்தை மேசையில் விட்டுவிட்டு, கேக்கை எடுத்து வரப் போகிறோம் பாருங்கள், அந்த ஐந்து நிமிடத்திலேயே மேல்பரப்பு காயத் தொடங்கும். காய்ந்த தோல் கேக்கின் விளிம்பில் மடங்கும்போது நூல் நூலாக வெடிக்கும். பேக்கர்கள் இதை எலிஃபண்ட் ஸ்கின் என்பார்கள். கேக்கைத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேய்க்க ஆரம்பியுங்கள். தூவும் சோளமாவும் கொஞ்சமாக இருக்கட்டும், அதிகமானால் அதுவும் உலர்த்தும்.

போர்த்தியதும் எல்லாரும் பக்கவாட்டு மடிப்பைத்தான் முதலில் சரிசெய்யப் பார்ப்பார்கள். அதற்கு முன் மேல்பக்கத்தையும் மேல் விளிம்பையும் உள்ளங்கையால் தடவி ஒட்டவைத்துவிடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக வாருங்கள். மடிப்பு விழும் இடத்தில் துணியை விரிப்பதுபோல அடி ஓரத்தை மெல்ல வெளியே விரித்து, மறு கையால் ஒட்டிக்கொண்டே வந்தால் மடிப்பு மறையும். காற்றுக் குமிழ் தெரிந்தால் மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தித் தடவிவிட்டால் போதும்.

உள்ளே என்ன பூசியிருக்கிறோம் என்பதும் முக்கியம். விப்பிங் கிரீமுக்கு மேல் ஃபாண்டண்ட் போடவே கூடாது. அதன் ஈரத்தில் சர்க்கரை கரைந்து வழியும். பட்டர்கிரீம் அல்லது சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ்தான் பொருத்தம், அதுவும் இறுகிய நிலையில். கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் அட்டைப் பெட்டியில் வைத்து மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் முத்துக்கள் பூக்கும். அதைத் துடைக்கப் போனால் கலர் இழுபட்டுவிடும். தொடாமல் விசிறிக் காற்றில் விடுங்கள், தானே காய்ந்துவிடும்.

பொம்மை, பூ செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஃபாண்டண்ட் அப்படியே நிமிர்ந்து நிற்காது, கை கால்கள் தொய்ந்துவிடும். 250 கிராமுக்குச் சுமார் ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) எனப்படும் இறுக வைக்கும் பொடி சேர்த்துப் பிசைந்து சிறிது நேரம் மூடி வையுங்கள். போர்த்துவதற்கான உருண்டையில் மட்டும் அதைக் கலக்க வேண்டாம், சீக்கிரம் இறுகிப்போகும்.

எல்லாம் செய்தும் விரிசல் விழுந்தால், அதே நிறத்தில் ஒரு துளி ஃபாண்டண்டைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் குழைத்துப் பசையாக்குங்கள். விரிசலில் அப்பி, ஓரத்தை வழித்து, காய்ந்ததும் விரல் நுனியில் துளி கொழுப்பு தொட்டு வட்டமாகத் தேயுங்கள். இதற்காகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையைச் சுற்றி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நிறத்தைக் கலந்து எடுப்பது லேசில் முடியாது.