மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டே ஏழு ரவுண்டு இன்டர்வியூவைச் சமாளிப்பது

சாஃப்ட்வேர் வேலைக்கு ஹெச்ஆர் முதல்முறை கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள். மொத்தம் எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றிலும் யார் உட்காருவார்கள், எதைப் பார்ப்பார்கள், வீட்டில் செய்து அனுப்பும் அசைன்மென்ட் உண்டா, சம்பளம் எவ்வளவுவரை போகும். பதிலை மெயிலில் வாங்குங்கள். இப்படிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பயம். இதற்கே முகம் சுளிக்கிற இடத்தில் நாளை லீவு எப்படிக் கேட்பீர்கள்?

வழக்கமாக வருவது ஆன்லைன் கோடிங் தேர்வு, டிஎஸ்ஏ (டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் கேள்விகள்) ஒன்றோ இரண்டோ, சிஸ்டம் டிசைன் (பெரிய சிஸ்டத்தை எப்படிக் கட்டுவது என்று வரைந்து காட்டுவது), மேனேஜர், ஹெச்ஆர். அதற்குமேல் ‘இன்னொரு சின்ன டிஸ்கஷன்’ என்று இழுத்தால் எதற்கு என்று கேளுங்கள். கூகுள் தன் பழைய இன்டர்வியூக்களை அலசிப் பார்த்து, நாலு இன்டர்வியூ இருந்தாலே 86 சதவீத உறுதியோடு முடிவெடுக்கலாம் என்று கண்டது. ஆகவே ரவுண்டு நீள்வதால் உங்களுக்குக் கோடிங் வரவில்லை என்று நினைத்துக் குமைய வேண்டாம். அங்கே முடிவெடுக்க ஆளில்லாமலும் இருக்கலாம்.

அசைன்மென்ட்தான் ஆளைக் கொல்லும். பேமென்ட் வெப்ஹுக், அதாவது பணம் வந்ததும் பேமென்ட் கம்பெனி தானாக அனுப்பும் தகவல், அதை வாங்கும் சர்வீஸ் ஒன்றை என்னை எழுதச் சொன்னது ஒரு கம்பெனி. டெஸ்ட், எந்த மெஷினிலும் ஓடும்படி டாக்கரில் பேக் செய்வது, ஓடுகிற லிங்க் எல்லாம் வேண்டும். ‘நாலு மணி நேர வேலைதான்’ என்றார்கள். சனியும் ஞாயிறும் போயின, தக்கலையில் சித்தி மகள் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் உட்பட. அனுப்பிய பிறகு ஒரு வரி பதில் வரவில்லை.

இப்போது நான் செய்வது இது. நாலு மணி என்றால் நாலு மணிதான். உடைந்தால் பணம் போகிற இடத்தை முதலில் எழுதுவேன்: ஒரே வெப்ஹுக் இரண்டு தடவை வந்தாலும் கணக்கில் ஒரு தடவைதான் ஏற வேண்டும். அதற்கு டெஸ்ட். அழகான டாஷ்போர்டெல்லாம் நேரம் மிஞ்சினால். விட்டுப்போனவற்றையும், நேரம் இருந்தால் எப்படிச் செய்திருப்பேன் என்பதையும் கோடோடு போகும் ரீட்மீ குறிப்பில் எழுதி அனுப்பிவிடுவேன். கேட்பது அவர்களுடைய ப்ராடக்டில் அப்படியே சேர்க்கிற மாதிரி இருந்தால், ‘ஒரு மணி நேரம் உங்கள் ஆளோடு உட்கார்ந்து கோடு எழுதிக் காட்டவா?’ என்று கேட்டுப் பாருங்கள். சிலர் சரி என்பார்கள்.

ஒரே நாளில் வரிசையாக ரவுண்டு வைத்தால் நடுவே 15 நிமிஷமாவது கேட்டு வாங்குங்கள். அந்த இடைவெளியில் ஃபோனை நோண்டாமல், கேட்ட கேள்விகளைக் குறித்து வையுங்கள். அடுத்தவர் அதையே கேட்டால், ‘முந்தைய ரவுண்டில் இதைச் செய்தேன், வேறு கேள்வி தருகிறீர்களா’ என்று சொல்லிவிடலாம். சிஸ்டம் டிசைனில் பெட்டி வரைவதற்கு முன் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், படிப்பது அதிகமா எழுதுவது அதிகமா என்று கேளுங்கள். பக்கத்தில் சூடு வெள்ளம் (வெந்நீர்தான்) இருக்கட்டும், பேசிப் பேசித் தொண்டை போய்விடும்.

நமக்கு மழை இரண்டு தடவை. ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ரப்பர் கிளை லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்குங்கள், ஃபோனில் வேறு கம்பெனி சிம் போடுங்கள். மீன்காரர் ஹாரன் அடிக்கும் நேரத்தில் டிஎஸ்ஏ ரவுண்டு வேண்டாம். எங்கள் அம்மா சாளை விலை பேசுவது மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

நேரில் கூப்பிட்டால்? திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்றால் குழித்துறையில் ரயில் ஏறி அன்றைக்கே திரும்பிவிடலாம். பெங்களூர் அப்படியில்லை. ஐலண்ட் எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் மறுநாள் காலையில்தான் இறங்குவீர்கள். நேரில் உள்ள ரவுண்டெல்லாம் ஒரே நாளில் வேண்டும், வண்டிக்கூலி தருவீர்களா என்று டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள்.

கடைசி ரவுண்டு முடிந்து ஒரு வாரத்தில் ஒரு மெயில். அடுத்த வாரம் இன்னொன்று. அதோடு விட்டுவிட்டு அடுத்த கம்பெனியைப் பாருங்கள். ஃபோனில் ‘செலக்ட் ஆயிட்டீங்க’ என்று சொன்னதை வைத்து இப்போதைய வேலையில் பேப்பர் போட்டுவிடாதீர்கள். ஆஃபர் லெட்டர் வரட்டும், உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் என்றால் அதற்கேற்ற சேரும் தேதி அதில் இருக்கிறதா பாருங்கள், அப்புறம் போடலாம்.