மட்கார்டில் உரசாத அகல டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காருக்கு அகலமான டயர் போட விரும்புவோர், முதலில் பழைய டயரின் பக்கச்சுவரில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். 185/65 ஆர்15 என்பதில் 185 என்பது மில்லிமீட்டர் கணக்கில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதைக் குறிக்கிறது. ஆர்15 என்பதில் 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஆகவே அகலத்தை மட்டும் கூட்டி 195/65 வாங்கினால் டயரின் விட்டமும் 621.5 மில்லிமீட்டரிலிருந்து 634.5 ஆக உயர்ந்துவிடும். அதற்குப் பதிலாக 195/60 வாங்கினால் விட்டம் 615 மில்லிமீட்டராகச் சற்றுக் குறைவதால், மேல்பக்கம் உரசும் அச்சம் குறைகிறது. டயர் தாங்கக்கூடிய எடையைக் காட்டும் சுமைக் குறியீட்டு எண் மட்டும் பழையதைவிடக் குறையக் கூடாது.

ரிம்மையும் மாற்றுவதாக இருந்தால் ஆஃப்செட் எண்ணை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் காட்டும் எண்ணை, அவசியம் பாருங்கள், ஏனெனில் பல உரசல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. அதே அகலமுள்ள ரிம்மில் 45 இருந்த இடத்தில் 35 மாட்டினால், சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளைச் சீவிவிடும்.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, ஆட்களுடன் மெதுவாக ஓட்டிய பிறகு, சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளப்பான கறுப்புத் தடம் தெரிந்தால் அங்கே டயர் உரசுகிறது. உள்மடிப்பைத் தட்டி மடக்கித் தருவதாகக் கடையில் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயின்ட் வெடித்த இடத்தில் துரு ஏறும் என்பதால், ஓர் அளவு குறைத்து வாங்குவதே மேல்.