நெட் வருது, ஆனா வரமாட்டேங்குது: மலை வீட்டில் ரவுட்டர் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் பின் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் போன் செய்தார். "தம்பி, நெட் வருது, ஆனா வரமாட்டேங்குது."

சிரித்துவிட்டேன். ஆனால் அதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. போனில் வைஃபை குறி முழுசாக நிற்கிறது, எதைத் திறந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைஃபை என்பது ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையே உள்ள சங்கதி. அது வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். இன்டர்நெட் தெருக் கம்பத்திலிருந்து கேபிள் வழியாக வருவது. ஒன்று நன்றாக இருக்கும்போதே இன்னொன்று செத்துக் கிடக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் தொடங்குகிறது.

நான் போய்ச் சேர்வதற்குள் வாத்தியார் ஒரு காரியம் செய்திருந்தார். ரவுட்டர் பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சின்னத் துளைக்குள் ஊக்கை நுழைத்து, பத்து எண்ணும்வரை அழுத்தியிருக்கிறார். "ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் தம்பி" என்றார். அது ரீஸ்டார்ட் இல்லை, ரீசெட். இணைப்புக் கொடுத்தவர் முதல் நாள் ஏற்றிவைத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும்.

இத்தனைக்கும் கோளாறு பெட்டியில் இல்லவே இல்லை. முந்தின இரவுக் காற்றில் கற்பூர மரக்கிளை ஒன்று விழுந்து, வீட்டுக்கு நெட் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிளை, அதாவது ஃபைபரை, அறுத்திருந்தது. பெட்டியின் முகத்தில் 'எல்ஓஎஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அது சிவப்பாக இருந்தால் நீங்கள் வீட்டுக்குள் எதைத் திருகினாலும் பயனில்லை, புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மறுநாள் சாயங்காலம் லைன் சரியானது. தெருவில் எல்லோருக்கும் நெட் வந்தது, வாத்தியாருக்கு மட்டும் வரவில்லை. அவர் பெட்டிக்குத் தன் யூசர் நேமே மறந்துபோயிருந்தது. ஆள் வந்து திரும்ப ஏற்ற இன்னும் இரண்டு நாள் ஆயிற்று.

ஸ்விட்சை ஆஃப் செய்து ஒரு நிமிடம் விட்டு ஆன் செய்வதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். ஊக்கு மட்டும் வேண்டாம். ரவுட்டர் வந்த அன்றே அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நெட் இணைப்புக்குத் தனி யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அதைக் கேட்டு வாங்கி, கேஸ் புத்தகத்தோடு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

சரி, இனி எனக்கு அதிகமாக வரும் புகாருக்கு வருகிறேன். "ஹால்ல சூப்பரா வருது, ரூம்ல வரவே மாட்டேங்குது."

துளை போட்ட இடமே ரவுட்டரின் இடம் ஆகிவிடுகிறது, அதுதான் காரணம். இணைப்புக் கொடுக்க வரும் தம்பிக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கும். கம்பத்துக்குப் பக்கமான சுவரில் துளை போட்டு, அங்கேயே ஆணியடித்து மாட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. "இன்னும் பத்து மீட்டர் உள்ளே இழுத்துக் கொடுங்க" என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள், கேபிளுக்குக் கொஞ்சம் காசு கேட்பார்கள், அவ்வளவுதான்.

சமவெளியில் வீடு மேலே போகும், இங்கே வீடு கீழே இறங்கும். ரோட்டு மட்டத்தில் வாசலும் ஹாலும், படியிறங்கினால் படுக்கையறைகள், அதற்கும் கீழே சமையலறை என்று சரிவில் கட்டிய வீடுகள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஏராளம். கம்பம் ரோட்டில் நிற்பதால் ரவுட்டர் வீட்டின் உச்சியில் உட்கார்ந்துகொள்கிறது. அதன் ஆன்டெனாக்களை எல்லோரும் கொடிக்கம்பம் மாதிரி நேராக நிமிர்த்தி வைக்கிறார்கள். ஒரு மெதுவடையின் ஓட்டையில் குச்சியைச் செருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வடை இருக்கும் பக்கமெல்லாம் சிக்னல் பரவும். குச்சியின் நுனிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மிகக் குறைவு. நிமிர்ந்த ஆன்டெனா சிக்னலைப் பக்கத்து வீட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும், கீழ் அறைக்கு மிச்சம் மீதிதான். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை நிமிர்த்தி, மற்றதைத் தரைக்குச் சமமாகப் படுக்கவையுங்கள். காசில்லாத வைத்தியம் இது. முழுசாகத் தீராவிட்டாலும் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் சுவர். வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்களில் ஒன்றரை அடி, இரண்டடிக் கருங்கல் சுவர் சாதாரணம். நடுவில் கணப்பு, அதற்குமேல் புகைபோக்கி. புது வீடு என்றால் கணப்புக்குப் பதில் கீசர். தொட்டி நிறையத் தண்ணீரோடு ஒரு உலோக உருளை, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே பாத்ரூமில் தொங்கும். உலோகம் சிக்னலைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். ஸ்டீல் பீரோவும், அதன் கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடியும் அப்படித்தான்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் ரவுட்டரை ஷோகேசுக்குள், கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால், பின்னல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். "பார்க்க நல்லா இல்லைங்க" என்றார் அந்த அம்மா. கீழே பெண் படிக்கட்டில் கம்பளி போர்த்திக்கொண்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தது. ஆபீஸ் மீட்டிங் எல்லாம் படிக்கட்டில்தானாம். பெட்டியை வெளியே எடுத்து, படிக்கட்டுத் திறப்புக்கு நேரே, தலை உயரத்தில் மாட்டினேன். நகர்ந்தது நாலு மீட்டர்கூட இருக்காது. பெண் அறைக்குள் போய்விட்டது. துணியால் மூடினால் சிக்னல் பெரிதாகக் குறையாது, ஆனால் பெட்டி சூடாகும். மூடாமல் மேசையில் வைத்தால் பூனை ஏறிப் படுத்துக்கொள்ளும், மார்கழிக் குளிரில் அதற்கு இதைவிட நல்ல அடுப்பு கிடைக்காது. அதனாலும் சுவரில் மாட்டுவது நல்லது.

ஜன்னல் திண்டும் வேண்டாம். மிஸ்ட் உள்ளே வந்து வந்து, கேபிள் செருகும் துளைகளில் உலோக ஊசிகள் பச்சை பூத்துப் போன பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். "மிஸ்ட் இறங்கினா வைஃபை ஸ்லோ ஆயிடும்" என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். வீட்டுக்குள் ஓடும் சிக்னலைப் பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. மிஸ்ட் நாளில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து ஆளுக்கொரு படம் பார்ப்பார்கள், அதுதான் விஷயம்.

இத்தனை செய்தும் கீழ் அறைக்கு வரவில்லை என்றால் இரண்டாவது பெட்டி வேண்டும். இங்கேதான் காசு விரயமாகிறது. வைஃபை சிக்னலைப் பிடித்து நீட்டிக் கொடுக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கி, சிக்னல் வராத அறைக்குள்ளேயே கொண்டுபோய்ச் செருகுவார்கள். வராததை அது எப்படி நீட்டிக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், மலிவான எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கல்சுவர் வீட்டுக்கு நான் எக்ஸ்டெண்டரைச் சொல்வதே இல்லை. மேல் ரவுட்டரிலிருந்து லேன் (LAN) கேபிள் ஒன்றைக் கீழே இறக்கி, அதன் முனையில் இன்னொரு ரவுட்டர். பார்க்கக் கொஞ்சம் அசிங்கம், வேலை பிரமாதம்.

அந்த இரண்டாவது ரவுட்டரை அப்படியே செருகிவிடக் கூடாது. வீட்டில் ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி எண் கொடுப்பது ரவுட்டரின் வேலை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ரவுட்டர்களும் எண் கொடுக்க ஆரம்பித்தால், ரேஷன் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து டோக்கன் கொடுத்த கதைதான். ஒரே எண் இரண்டு பேருக்குப் போகும். போதாததற்குப் பல சமயம் இரண்டு பெட்டிகளும் தங்கள் சொந்த முகவரியாக 192.168.1.1 என்றே வைத்திருக்கும். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மனுஷனைப் பைத்தியமாக்கும் கோளாறு இது. புது ரவுட்டரைப் பழையதோடு இணைப்பதற்கு முன்பே, அதன் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோடு' (எண் கொடுக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் எண் கொடுக்கும் வேலையான 'டிஹெச்சிபி'யை (DHCP) ஆஃப் செய்து, மேல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, மேலிருந்து வரும் கேபிளை 'WAN' என்று எழுதிய துளையில் இல்லாமல் 'LAN' என்று எழுதிய துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். போன் தானே மாறிக்கொள்ளும்.

பழைய ரவுட்டரைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கும்போதும் இதே உபாயம் உதவும். பழைய பெயர், பழைய பாஸ்வேர்டையே கொடுத்தால் டிவி, பிரிண்டர், கேமரா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து இணைக்கத் தேவையில்லை.

கேபிளை வீட்டுக்கு வெளியே இழுப்பவர்கள் மழையை மறந்துவிடுகிறார்கள். மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குச் சரிவாக வரும் கேபிள் ஒரு வாய்க்கால். தண்ணீர் அதன் முதுகிலேயே வழிந்து, துளை வழியாக உள்ளே வந்து, நேராக ரவுட்டருக்குள் இறங்கும். சுவருக்குள் நுழையுமுன் கேபிளை ஊஞ்சல் மாதிரி ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். துளையையும் வெளியிலிருந்து உள்ளே மேல்நோக்கிச் சாய்வாகப் போடச் சொல்லுங்கள். லேன் கேபிள் செம்பு என்பதால் இடி மின்னலில் இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் சேர்த்துக் காவு வாங்கும். வானம் கறுக்கும்போதே, இடி முழங்க ஆரம்பிப்பதற்கு முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் மிச்சக் கேபிளைச் சிக்கனமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடக் கூடாது. இறுக்கமாக மடங்கும் இடத்தில் ஒளி கசியும், வேகம் போகும். ஒரு சொம்பின் வாயளவுக்காவது வட்டம் இருக்கட்டும். குரங்கு பிடித்து ஊஞ்சலாடினால் அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியாது.

கரண்ட் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒருமுறை ரவுட்டரின் அடாப்டர் போய்விட்டது, செட்டாப் பாக்ஸின் அடாப்டர் அதே துளையில் அழகாகப் பொருந்தியது. ரவுட்டர் 9 வோல்ட், அடாப்டர் 12. ஒரு வாசனை வந்தது, அத்தோடு சரி. முனை பொருந்துவது ஒரு கணக்கே இல்லை. வோல்ட் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் ரவுட்டர் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். மரம் விழுந்து அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் நல்ல முதலீடு, அதற்கும் இதே கணக்குதான். 'ஃபர்ம்வேர் அப்டேட்' (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளைப் புதுப்பிப்பது) என்று ரவுட்டர் கேட்டால் காற்றடிக்கும் நாளில் சம்மதிக்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம்.

பெட்டியில் இரண்டு வைஃபை பெயர் தெரியும், ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கும். அது சிம் கார்டு 5ஜி இல்லை, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், சுவர் தாண்டும் சக்தி குறைவு. பெட்டி இருக்கும் அறையில் அதைப் பிடியுங்கள், கல்சுவருக்கு அப்பால் 2.4தான் கைகொடுக்கும். கேமரா, ஸ்மார்ட் பிளக் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். போன் 5-இல் இருந்துகொண்டு, "கேமரா கனெக்ட் ஆகலை" என்று கடைக்கு எடுத்து வருகிறார்கள். லைன் வீடுகளில், ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் ரவுட்டர் இருக்கும் இடத்தில், ஒன்றின் சிக்னல் மற்றதோடு மோதுவதைக் குறைக்க, 2.4-இன் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். தனித்து நிற்கும் எஸ்டேட் வீட்டுக்கு இந்தக் கவலையே கிடையாது.

பாஸ்வேர்டு பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: விருந்தினருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகத் திறந்து கொடுங்கள். வரவேற்பறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் அதே பாஸ்வேர்டில்தான் உங்கள் கேமராவும் பில் போடும் கம்ப்யூட்டரும் ஓடுகின்றன. அந்தச் சுவரோடு செல்ஃபி எடுக்காத விருந்தாளி கிடையாது.

வாத்தியார் இப்போது ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிட்டிருக்கிறார். எந்த விளக்கு எந்த நிறம் என்று அதில் எழுதியிருக்கிறது. போன மழையில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தார். "தம்பி, எல்ஓஎஸ் சிவப்பு. கிளை விழுந்திருக்கும். நீ வரவேண்டாம், சும்மா சொல்லணும்னு தோணுச்சு."