வெண்டைக்காய்க்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டை ஒட்டி எங்களுக்கு இரவலாகக் கிடைத்த இடம் 15 சென்ட். அங்கிருந்து ஒரு முதியோர் இல்லத்துக்கும் ஒரு அன்னதானச் சமையலுக்கும் காய் போகிறது. வேலை செய்யும் யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தோட்டம் அடுப்பிலிருந்துதான் தொடங்கும்.

நீங்களும் இப்படி ஒரு தோட்டம் ஆரம்பிப்பதாக இருந்தால், மண்ணைக் கொத்துவதற்கு முன் சாப்பிடப் போகிறவர்களைப் போய்ப் பாருங்கள். பல் போன தாத்தாவுக்குக் கொத்தவரங்காய் எதற்கு? சுரைக்காயும் கீரையும்தான் இறங்கும். அடுப்பே இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர் கையில் கீரைக்கட்டைக் கொடுத்துப் பயனில்லை, அது சோறோடு குழம்பாகத்தான் அவரிடம் போக வேண்டும். சமைக்கும் அம்மாவிடம் எந்த நாளில் எது, எத்தனை கிலோ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விதை வாங்குவது அப்புறம்.

அடுத்தது ஆள். முதல் வருஷம் ஆசைப்பட்டு 5 சென்ட் முழுக்க வெண்டை போட்டோம். விதைத்து 45 நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கிவிடும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 22 பேர் வந்தார்கள், புதன்கிழமை நான் மட்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் நாலு நாள் கழித்துத் திரும்பினால் காயெல்லாம் விறகு. "மாட்டுக்குப் போட்டுடலாமா டீச்சர்?" என்றான் ஒரு கல்லூரிப் பையன். மாடே யோசித்துத்தான் வாய் வைத்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பிப் பயிர் வைக்காதீர்கள். வார நாளில் நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எங்களுக்கு நாலு பேர். வெண்டையும் கத்தரியும் அந்த நாலு பேர் கைக்கு அடங்கும் அளவுதான். மீதி இடத்தில் பொறுமையான பயிர்: வேலியோரம் முருங்கை, ஓரத்தில் பூசணி. நன்றாக முற்றிய பூசணி மாதக்கணக்கில் கெடாது. களை எடுக்க, பாத்தி கட்ட, எரு சுமக்க ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் போதும். மோட்டார் சாவி இரண்டே பேரிடம் இருக்கட்டும், ஊரெல்லாம் சுற்றும் சாவி வேண்டும்போது கிடைக்காது. யார் தண்ணீர் விட்டார்கள், எவ்வளவு பறித்தார்கள் என்று எழுத மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்கட்டும்.

சிறுகீரை 25 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். எல்லாப் பாத்தியிலும் ஒரே நாள் தூவினால் ஒரே நாளில் மலை போலக் குவியும், அடுத்த வாரம் ஒன்றும் இருக்காது. நாலு பாத்தி போட்டு வாரத்துக்கு ஒன்றாக விதையுங்கள். விதை பொடிசு, மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். எறும்பு விதையை இழுக்கும்; கொஞ்சம் நொய்யையும் தூவிவிட்டால் அது அந்தப் பக்கம் போய்விடும். பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. எங்களுக்கு அது போதுகிறது.

தக்காளி நடாதீர்கள். தக்காளி விளையும் பாலக்கோடும் ராயக்கோட்டையும் பக்கத்தில் இருக்க நமக்கு எதற்கு அந்தப் பாடு? விலை விழும்போது பறிகூலி கட்டாது என்று விவசாயிகள் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சமயத்தில் "அண்ணா, நாங்களே பறித்துக்கொள்கிறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கூடையும் ஆளும் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

வேலைக்கு வருகிறவர்களுக்குக் குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடத்தில் வையுங்கள். நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃபுளோரைடு அதிகம். காய்ச்சினாலும் அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். அதில் டீ போட்டுக் கொடுப்பது உபசாரம் இல்லை.

இடம் கொடுத்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தாளில் எழுதி வாங்குங்கள். கேட்டால் எத்தனை நாளில் காலி செய்வோம், தென்னை மாதிரி நெடுநாள் மரம் வைக்க மாட்டோம், மின்கட்டணம் யார் கட்டுவது. இதெல்லாம் பேசினால் அவருக்கும் நிம்மதி. எங்கள் தாளில் நாலு மாதம் என்று இருக்கிறது. விதைத்த வெண்டை காய்த்து ஓய அவ்வளவு நாள் வேண்டும்.