மாற்கு 16 நாள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்: வேதம் வாசிக்கவும் காணிக்கை கொடுக்கவும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

திருப்பூரில் எங்கள் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். அன்றைக்கு ராத்திரி மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது, சபைக்குப் புதிதாக வர ஆரம்பித்திருக்கும் பொண்ணு ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "அக்கா, பைபிள் வாங்கிட்டேனுங்க. எங்கிருந்து படிக்கோணும்? அப்புறம் காணிக்கை எவ்வளவு போடோணுங்க்கா?" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள்.

கடை வாசலில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே புத்தகத்தில், 16 நாளில் பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

1. புத்தகம்

உங்கள் சபையில் எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்களோ அதையே வாங்குங்கள். சி.எஸ்.ஐ. சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புத்தான். அதில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 73. அது 1995-ல் வந்தது, தமிழ் இன்னும் எளிதாக இருக்கும். பழையது புரியவில்லை என்றால் எளிதான ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

பழைய தமிழில் கால் இடறும் சொற்கள் கொஞ்சம் உண்டு. ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன். விசனம் என்றால் வருத்தம். ஆக்கினை என்றால் தண்டனை. மத்தேயு 23-ல் ஒற்தலாம் என்று ஒன்று வரும். அது நம் புதினா. நோட்டின் கடைசிப் பக்கத்தை இந்த மாதிரிச் சொற்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

செல்போனிலும் வாசிக்கலாம். ஆனால் ஆரம்பத்தில் காகிதம்தான் நல்லது. போனில் வசனம் தேடும்போதே வாட்ஸ்அப் கூப்பிட்டுவிடும்.

2. நேரம்

"விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திரி" என்று யாராவது சொல்வார்கள். முந்தின நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த உடம்புக்கு அது ஆகாது. ஏற்கனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு வாசிப்பைக் கட்டிவிடுங்கள்.

என் வீட்டில் அது உலை. நான் இன்னும் பாத்திரத்தில்தான் சோறு வடிக்கிறேன். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, சமையல் மேடைக்குப் பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சோறு கொதித்து வேகிறதற்குள் ஒரு அதிகாரம் முடிந்துவிடும். சத்தமாக வாசிப்பேன். சத்தமாக வாசித்தால் கண் வரியைத் தாண்டி ஓடாது, ஸ்கூலுக்குக் கிளம்பும் பிள்ளைகள் காதிலும் விழும். உங்களுக்கு அது கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கிற நேரமாக இருக்கலாம், ராத்திரி படுக்கைக்கு முன்னாலாக இருக்கலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு அதிகாரம் வாசித்துச் சரிக்கட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், போதும்.

3. எங்கிருந்து தொடங்குவது

ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்குகிற ஆசை எல்லோருக்கும் உண்டு. முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு 3 வாசித்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு மாதம் ஆகும். ஆதியாகமம் 50 அதிகாரமும் கதையாக ஓடிவிடும். யாத்திராகமம் 20 வரை, பத்துக் கட்டளை வரை, அதே ஓட்டம்தான். 25-ம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரத்தின், அளவுகள் ஆரம்பிக்கும். பலர் அங்கேதான் நிற்பார்கள். நானும் மூன்று வருஷம் அங்கேயே நின்றேன்.

அதனால் மாற்கிலிருந்து தொடங்குங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. 14-ம் அதிகாரம் மட்டும் 72 வசனம்; முடியாவிட்டால் அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசித்து முடித்ததும் நோட்டில் மூன்று வரி: தேதியும் அதிகாரமும், மனதில் நின்ற ஒரு வசனம், ஒரு கேள்வி. கேள்வியைக் கட்டாயம் எழுதுங்கள். "தெரியாமல் கேட்கிறேனோ" என்ற கூச்சம் வேண்டாம். இயேசுவின் கூடவே நடந்த சீஷர்களே இந்தப் புத்தகத்தில் எத்தனை முறை புரியாமல் விழிக்கிறார்கள் என்று பாருங்கள்.

4. 12-ம் நாள் வரும்போது

மாற்கு 12-ம் அதிகாரத்தில் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். எருசலேம் ஆலயத்தில் இயேசு காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐசுவரியவான்கள் அதிகமாய்ப் போடுகிறார்கள். ஏழையான ஒரு விதவை வந்து, "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசைப்" போடுகிறாள். எல்லாரிலும் இவளே அதிகமாய்ப் போட்டாள் என்கிறார்.

அந்தத் துட்டு எவ்வளவு? ரோமானியர் கணக்கில் ஒரு தினாரியுவில் 64 துட்டு. ஒரு தினாரியு என்பது மத்தேயு 20-ல் வரும் திராட்சத்தோட்டத்துக் கூலியாளின் ஒரு நாள் கூலி. பழைய மொழிபெயர்ப்பு அதை "ஒரு பணம்" என்கிறது. இன்று ஒருவருக்கு நாள் சம்பளம் 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த அம்மா போட்டது 10 ரூபாய். ஆலயத்தில் காணிக்கைப் பை நம்மிடம் வரும்போது நாம் வெட்கத்தோடு மடித்துப் போடுகிற அதே 10 ரூபாய். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான்.

இப்போது ஒரு வசனம் பின்னால் போங்கள். 40-ம் வசனம். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கிறவர்களை, பற்றி இயேசு எச்சரிக்கிறார். அதற்கு அடுத்தபடியாகத்தான் இந்த விதவை வருகிறாள். இந்த இரண்டையும் சேர்த்து வாசித்த நாளில் எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அவள் மனசை அவர் மெச்சுகிறார். அவளைப் போன்றவர்களை உறிஞ்சுகிறவர்களையும் அதே மூச்சில் கண்டிக்கிறார். அதனால், இருக்கிறதையெல்லாம் போடச் சொல்லி ஏழையை நெருக்குவதற்கு இந்தப் பகுதியை யாராவது எடுத்தால், முந்தின வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் கழித்து 14-ம் அதிகாரத்தில் வேறொரு பெண் வருகிறாள். 300 பணத்துக்கு மேல் விலை பெறும் பரிமளதைலம் இருந்த பரணியை உடைத்து, தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். நாம் மேலே போட்ட கணக்கில் 1,92,000 ரூபாய். வீண் செலவு என்று கூட இருந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்கிறார் அவர். 10 ரூபாயையும் அவர் சின்னதாகப் பார்க்கவில்லை, ஒரு வருஷக் கூலியையும் வீண் என்று சொல்லவில்லை.

5. ஒரு பாட்டில்

என் அம்மாயி பிடியரிசி வைப்பாள். உலையில் போடக் களையும் முன்னே ஒரு பிடி அரிசியை எடுத்து அலமாரியில் இருக்கும் டின்னில் போட்டுவிடுவாள். மாதக் கடைசியில் அதை ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். அந்த ஒரு பிடி குறைந்ததால் எங்கள் வீட்டில் யாரும் பசியோடு படுத்ததில்லை. ஆனால் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதில் எடுப்போம் என்று விட்டிருந்தால் ஒரு நாளும் எடுத்திருக்க மாட்டோம்.

சம்பளத்திலும் அப்படியே. கொரிந்து சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது, வாரத்தின் முதல்நாள்தோறும், அதாவது ஞாயிறுதோறும், அவனவன் "தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும்" சேர்த்துவைக்கச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16:2). எருசலேமில் கஷ்டத்தில் இருந்த விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணம் அது. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் கிடையாது. கழுவிக் காயவைத்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், மளிகைக் கடைக்குப் போகும் முன்பே, அதில் போட்டுவிடுங்கள்.

சரி, எவ்வளவு? 640 ரூபாயில் ஆறு நாள் என்றால் 3,840. தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று, 384. மல்கியா 3:10-ஐக் காட்டி, பத்தில் ஒன்றைச் சபைக்கே கொடுக்க வேண்டும் என்று போதிக்கிற சபைகள் உண்டு. கட்டாயம் இல்லை, மனதின்படி கொடு என்கிற சபைகளும் உண்டு. என் எண்ணம் இது: முடிகிறவர்கள் பத்தில் ஒன்று கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள், மூன்று மாதம் ஒரு வாரம்கூட விடாமல் வைக்க முடிகிற தொகையில் தொடங்குங்கள். அது 100 ஆக இருக்கட்டும், 50 ஆக இருக்கட்டும். பிறகு கூட்டலாம். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" என்பது 2 கொரிந்தியர் 9:7. நியமித்தபடியே என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பை நம்மிடம் வரும்போது கையில் கிடைத்ததைப் போடுவதற்கும், வீட்டிலேயே தீர்மானித்து எடுத்துவருவதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

சின்னத் தொகை என்று தயங்க வேண்டாம். 1830-ல் கோயம்புத்தூருக்கு வந்த லண்டன் மிஷனரி சங்கம், எங்கோ தூர தேசத்துச் சபைகளில் சாதாரண மக்கள் போட்ட சில்லறையையும் சேர்த்துத்தான் ஊழியம் செய்தது. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் ஆரம்பத்தில் அந்தக் காசும் இருக்கிறது.

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில், மேடையிலிருந்து கேட்ட வேகத்தில், 5,000 ரூபாய் தருவதாகக் கை தூக்கிவிட்டேன். குழுவில் கடன் எடுத்துத்தான் கொடுத்தேன். ஏழு மாதம் தவணை கட்டினேன். அந்த ஏழு மாதமும் என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே" அங்கிகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12-ல் இருப்பதை அப்புறம்தான் வாசித்தேன். முதலிலேயே வாசித்திருந்தால் கையைக் கீழே வைத்திருப்பேன்.

இன்னொன்று. மாற்கு 7-ல் கொர்பான் என்ற சொல் வரும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். ஊரில் இருக்கிற அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால், அதை அனுப்பிவிட்டுப் பாட்டிலைத் திறங்கள்.

6. எங்கே கொடுப்பது

நான் பாதியை ஆலயத்துக்கும் பாதியைத் தேவைப்படுகிற ஆளுக்கும் என்று பிரித்துவைக்கிறேன். ஆலயத்தில் வருஷக் கணக்கை வாசிப்பார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. நல்ல ஆயர் சந்தோஷமாகவே காட்டுவார்.

மற்றப் பாதிக்கு லேவியராகமம் 19-ஐ வாசியுங்கள். வெள்ளாமையை அறுக்கும்போது ஓரத்தை வழிச்சு அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று இருக்கும். கடலைக்காய் பிடுங்கி முடித்த காட்டில், விட்டுப்போனதைப் பொறுக்கப் பிள்ளைகளோடு வரும் பெண்களை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். வேதத்தில் வரும் ரூத் அப்படிப் பொறுக்கப் போனவள்தான்.

பரதேசி என்பது இன்றைக்கு வசைச்சொல்லாகிவிட்டது. வேதத்தில் அதற்கு அந்நிய தேசத்திலிருந்து வந்து நம் நடுவே தங்கியிருப்பவர் என்று பொருள். எங்கள் லைன் வீட்டில் இரண்டு கதவு தள்ளி ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது, என்ன சொல்வது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. ஆட்டோவுக்குப் பாட்டிலில் இருந்து 200 ரூபாய் போனது. அதைவிட, கூடவே போய் அந்த அம்மிணிக்காகத் தமிழில் பேசியதுதான் அன்றைக்குத் தேவைப்பட்டது. கையில் காசில்லாத வாரம் இப்படியும் கொடுக்கலாம். ஆலயத்தில் நடக்கும் அறுப்பின் பண்டிகைக்கு வீட்டு முருங்கைக்காய் நாலு கட்டிக்கொண்டு போகலாம். ஏலத்தில் அதை யாராவது நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

கொடுத்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6-ல் இருக்கிறது. வாங்கிக்கொள்கிறவருக்கும் முகம் இருக்கிறதல்லவா.

7. 17-ம் நாள்

லூக்காவுக்குப் போங்கள், 24 அதிகாரம். இடையில் ஒரு ஞாயிறு மத்தியானம் ரூத்தை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம், 4 அதிகாரம்தான்.

அந்தப் பொண்ணு இப்போது மாற்கு 9-ல் இருக்கிறாள். நேற்று நோட்டை எடுத்துவந்து காட்டினாள். பிசாசு பிடித்த பையனின் தகப்பன் சொன்ன வசனத்தை, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்பதை எழுதி, கீழே சிவப்புப் பேனாவில் கேள்வி எழுதியிருக்கிறாள்: "ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்குமாங்க்கா?" வியாழக்கிழமை வீட்டு ஜெபத்தில் அதைத்தான் எடுக்கப்போகிறோம்.