போர் எதிர்ப்புப் போராட்டத்துக்கு முதன்முறை போகிறீர்களா? யாழ்ப்பாணத்துக்கான செய்முறை விளக்கம்

போரை ஏன் எதிர்க்க வேண்டும் என்று இங்கே எழுதப் போவதில்லை. இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காஸாவோ சூடானோ உக்ரைனோ, தூரத்தில் நடக்கும் ஒரு போருக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் பத்து, ஐம்பது பேராக வீதியில் நிற்க முன்னர் என்னென்ன செய்ய வேண்டும், எது எங்கே பிழையாகும் என்பதுதான் இந்தப் பதிவு.

1. கோரிக்கையை முதலில் முடிவு செய்யுங்கள்

இடமும் நேரமும் பிறகு. ஒரு போராட்டத்துக்கு ஒரு கோரிக்கை போதும். அந்தக் கோரிக்கையை, மகஜரை (எழுத்தில் கொடுக்கும் மனுவை) வாங்குபவரால் நிறைவேற்ற முடியவேண்டும், குறைந்தபட்சம் மேலே அனுப்பவாவது முடியவேண்டும். "உலகத் தலைவர்களே, போரை நிறுத்துங்கள்" என்று மாவட்டச் செயலாளரிடம் கொடுத்தால் அவர் சிரித்த முகத்தோடு வாங்கி வைப்பார், அவ்வளவுதான்.

இலங்கை அரசு செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். 2023 நவம்பரில் இஸ்ரேலியப் பண்ணைகளுக்கு 10,000 தொழிலாளரை அனுப்ப இலங்கை உடன்பட்டது. 2024 ஜனவரியில் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப் போவதாக அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். "ஆட்களை அனுப்பாதே", "கப்பலை அனுப்பாதே" என்பவை கொழும்பில் ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டிய கோரிக்கைகள்.

மகஜர் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூன்று பிரதி எடுங்கள்: கொடுக்க ஒன்று, கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ள ஒன்று, பத்திரிகைக்காரருக்கு ஒன்று.

2. பொலிஸுக்கு அறிவித்தல் (எல்லோரும் சறுக்கும் இடம்)

மெதுவாக வாசியுங்கள்.

அரசியலமைப்பின் 14(1) உறுப்புரையில் (அ) பேச்சுச் சுதந்திரம், (ஆ) அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு பேசுவது ஊர்வலத்தைப் பற்றி: தொடங்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தின் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் முன்னர் அறிவிக்க வேண்டும்.

சிக்கல் இப்படித்தான் வரும். பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பதாதையோடு நிற்பதாகத் திட்டம். "நின்ற இடத்தில்தானே நிற்கிறோம்" என்று யாரும் அறிவிக்கமாட்டார்கள். கூட்டம் கொஞ்சம் சேர்ந்ததும் ஒருவர், "அப்படியே கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) நடந்துபோய் மகஜரைக் கொடுப்போம்" என்பார். ஆஸ்பத்திரி வீதியில் காலை வைத்த கணத்திலிருந்து அது அறிவிக்காத ஊர்வலம். அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பொலிஸ் குறுக்கே வருவதற்குச் சட்டக் காரணத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே நடக்கும் எண்ணம் கொஞ்சமும் இல்லாவிட்டாலும் பாதையைப் போட்டே அறிவியுங்கள். கடிதத்தில் இருக்கவேண்டியவை: திகதி, தொடங்கும் நேரமும் இடமும், போகும் பாதை வீதிப் பெயர்களோடு, முடியும் இடம், ஏறத்தாழ எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா இல்லையா, பொறுப்பான இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் "கிடைத்தது" என்று எழுதி, முத்திரையும் திகதியும் *நேரமும்* போடச் சொல்லுங்கள். நேரம் இல்லாவிட்டால் ஆறு மணித்தியாலக் கணக்கை நிரூபிக்க முடியாது. காலை 10 மணிக்குத் தொடங்குவதென்றால் அதிகாலை 4 மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் போகப்போவதில்லை; முதல்நாள் பின்னேரமே கொடுத்து முடியுங்கள்.

"அனுமதி இல்லை" என்று மேசையில் இருப்பவர் வாயால் சொன்னால், மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். ஊர்வலத்தைத் தடுக்கப் பணிக்கும் அதிகாரம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது. இன்னொரு வழி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் எடுக்கும் தடையுத்தரவு. வடக்கில் நினைவேந்தல்களுக்கு எதிராக இதைப் பலமுறை எடுத்திருக்கிறார்கள். உத்தரவைக் கொண்டுவந்து தந்தால் யாருடைய பெயர், எந்த இடம், எத்தனை நாள் என்று வாசித்து, உடனே ஒரு சட்டத்தரணிக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். முதன்முறை வருபவர் அதை மீறி நிற்க வேண்டியதில்லை.

ஒலிபெருக்கிக்கு அனுமதி வேறாக எடுக்க வேண்டும். எங்கள் அபிப்பிராயம்: வேண்டவே வேண்டாம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போதனா வைத்தியசாலை. அங்கே ஒலிபெருக்கியில் கத்தினால் சனத்தின் ஆதரவு அந்த நிமிடமே போய்விடும். உயர்தர, சாதாரண தரப் பரீட்சைக் காலமென்றால் இன்னும் மோசம். நல்ல தொண்டை உள்ள இருவர் மாறி மாறிக் கோஷம் எழுப்பினால் ஐம்பது பேருக்குத் தாராளம். கோஷம் இரண்டு துண்டாக இருக்கட்டும்: ஒருவர் "நிறுத்து நிறுத்து", கூட்டம் "போரை நிறுத்து". நீண்ட வசனத்தைக் கூட்டம் பாதியில் விழுங்கிவிடும்.

3. பதாதை

தனியாள் பிடிக்க: பிரிஸ்டல் போர்ட், தடித்த மார்க்கர், மூன்று அல்லது நான்கு சொல். 2003 பெப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக லண்டனில் திரண்டவர்கள் பிடித்திருந்த "என் பெயரால் வேண்டாம்" என்ற வாசகத்தின் நீளம்தான் அளவு.

பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்று எழுத்தின் உயரத்தைக் கணக்குப் பாருங்கள். முப்பது அடி தள்ளி பஸ்ஸில் இருப்பவர் வாசிக்க மூன்று அங்குலம் வேண்டும். ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி தமிழுக்குக் காணாது: மேல்வரியின் "கு", "மு" வால்களும் கீழ்வரியின் "கி", "மீ" கொண்டைகளும் முட்டிக்கொண்டு, தூரத்தில் பார்த்தால் ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரியும். எழுத்தின் உயரத்தில் முக்கால் பங்கையாவது இடைவெளியாக விடுங்கள். முதலில் பென்சிலால் எழுதி, கடைசிச் சொல்லுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மார்க்கரை எடுங்கள்.

பெரிய பதாதைக்குப் பிளெக்ஸ் அடிக்காதீர்கள். வெயிலில் மினுங்கிப் படத்தில் எழுத்தே தெரியாது; சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் பாய்மரம் போலப் பிடித்து ஆளையே இழுக்கும். 12 அடிக்கு 3 அடி வெள்ளைத் துணி, துணிக்குரிய பெயின்ட், இரண்டு அந்தத்திலும் தடி நுழைய மடித்துத் தைத்த பை. நான்கு பேர் பிடிக்க வேண்டும். நடுவில் இருவர் இல்லாவிட்டால் துணி தொய்ந்து நடு எழுத்து மறைந்துவிடும். தனி அட்டைகளுக்குத் தடியே வேண்டாம். கலவரம் என்று யாராவது எழுத நினைத்தால் உங்கள் கையிலிருக்கும் பொல்லுதான் முதல் சாட்சி.

சிங்களத்திலும் ஒரு பதாதை கட்டாயம். கோரிக்கை கொழும்புக்கென்றால் கொழும்பில் வாசிக்கும் மொழியில் இருக்கட்டும். கூகிளை நம்பாமல் சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, வரைந்து முடிந்தபின் *மீண்டும்* காட்டுங்கள். பார்த்து வரையும்போதுதான் சுழி மாறும்.

சுவரிலோ கடைக் கண்ணாடியிலோ ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதாக 22 வயது இளைஞர் ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னம், படம் எதுவும் உங்கள் வரிசைக்குள் வரக்கூடாது. யாராவது கொண்டுவந்தால் ஒழுங்குபடுத்துபவர் போய்ப் பக்குவமாகக் கதைத்துச் சுருட்டிவிட வேண்டும்.

4. கொண்டுபோக வேண்டியவை

அடையாள அட்டை, ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி, கட்டும் சப்பாத்து (செருப்பு வேண்டாம்), அன்றாடம் எடுக்கும் மருந்து. ஒரு லீற்றர் போத்தலில் கரைத்த ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புத் தூள்) இருபது பேருக்கு ஒன்றாவது இருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் முதலில் விழுவது உறுதியோடு முன்வரிசையில் நிற்கும் வயதானவர்தான். சட்டத்தரணியின் இலக்கத்தை முன்னங்கையில் அழியாத மையால் எழுதுங்கள். போன் போய்விட்டால் மனப்பாடமாக இருக்கும் இலக்கம் யாருக்கும் கிடையாது.

போனில் விரல்ரேகை, முகப் பூட்டு இரண்டையும் நிறுத்தி ஆறு இலக்கக் கடவுச்சொல் போடுங்கள். குழுத் தொடர்புக்கு வாட்ஸ்அப்பை விட சிக்னலைத்தான் சொல்வோம். செய்திகள் தாமாக அழியும்படி வைக்கலாம், படத்தில் முகங்களை மங்கலாக்கும் வசதியும் அதற்குள்ளேயே உண்டு. மாணவர்களின் முகத்தை மங்கலாக்காமல் முகநூலில் போடாதீர்கள். சிவில் உடையில் வந்து படமெடுப்பவர்கள் எப்படியும் எடுப்பார்கள். அவர்களோடு வாய்த்தர்க்கப்படுவது அவர்களுக்கு இன்னொரு நல்ல படம், அவ்வளவுதான்.

5. இடத்தில்

இருபது பேருக்கு ஒரு ஒழுங்குபடுத்துபவர், கையில் வெள்ளைத் துணி. பொலிஸோடு கதைக்க ஒருவர், ஊடகத்தோடு கதைக்க இன்னொருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்தால், பேட்டி கொடுக்கும் நேரம் பார்த்துத்தான் பொலிஸ் வரும்.

அம்புலன்ஸ் பாதையை ஒருபோதும் மறிக்க வேண்டாம். சைரன் கேட்டால் கோஷத்தை நிறுத்தி வழி விடுங்கள். நடக்கும்போது இடப்பக்கமாக, இருவர் இருவராக. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஒழுங்குபடுத்துபவர் வரவேண்டும். இல்லாவிட்டால் சந்தியில் வரிசை இரண்டாக வெட்டுப்பட்டு பின்பாதி முச்சக்கரவண்டிகளுக்குள் மாட்டிக்கொள்ளும். தொடங்கிய நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் முடியுங்கள். சோர்ந்து தானாகக் கலையும் கூட்டம் படத்திலும் நன்றாக இராது.

கண்ணீர்ப்புகை இப்படியான கூட்டங்களுக்கு அநேகமாக வராது. வந்தால் ஓடாமல் காற்று வரும் பக்கமாக நடந்து விலகுங்கள், கண்ணைக் கசக்க வேண்டாம், சுத்தமான தண்ணீரால் பத்து நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் கொன்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பற்பசை, எலுமிச்சை எல்லாம் கண்ணை இன்னும் எரிக்கும்.

6. பிடித்தால்

காரணம் கேளுங்கள். 13(1) உறுப்புரைப்படி சொல்லியாக வேண்டும். எந்தப் பொலிஸ் நிலையம் என்பதை உரத்துக் கேட்டால் பக்கத்தில் நிற்பவர் எழுதிக்கொள்ளலாம். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, உங்களுக்கு அது வாசிக்கத் தெரியாவிட்டால், கையொப்பமிட வேண்டாம், தமிழில் கேளுங்கள். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். வெளியில் இருப்பவர்கள் சட்டத்தரணிக்கு அடுத்ததாக மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு.

பிறகு சேர்த்தவை

வெள்ளிக்கிழமை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்துசந்திப் பக்கத்து முஸ்லிம் மக்களோடு சேர்ந்து செய்வதென்றால் ஜும்ஆ முடிந்தபின் வையுங்கள். ஆனால் அது உச்சி வெயில்; நிழல் உள்ள பக்கமாக நில்லுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் சூழலைத் தவிருங்கள், வீதிகள் மூடியிருக்கும்.

மாரியில் மார்க்கர் கரைகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அட்டையின் இரண்டு பக்கமும் அகலமான செலோடேப்பை, ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். லமினேட் செய்தால் மினுக்கம் கூடும்.

உரிமை மீறல் நடந்தால் எவ்வளவு காலத்துக்குள் போகவேண்டும் என்பதும் பலர் கேட்டது. உயர் நீதிமன்றத்துக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், பொலிஸ் முத்திரை போட்ட அந்தப் பிரதியையும் கூடவே கொண்டுபோங்கள்.